நிற்க மறுத்த எஞ்சின்

நின்று தொலையேன் என்று சபேசன் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். எஞ்சின் நிற்கவில்லை. காரைத் தெருவில் விட்டுவிட்டு, காலியான போர்டிகோவில் பழைய சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, அதன் விளிம்பில் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தான் அதை. உள்ளங்கைக்குள் அடங்குகிற எஞ்சின், முன்னால் ப்ரொப்பெல்லர், பின்னால் செங்கல் மேல் எரிபொருள் டப்பா. த்ரோட்டிலைக் குறைத்து வைத்தாயிற்று. இந்த இடத்தில்தான், ஐடில் என்கிற இந்த அரைத் தூக்கத்தில்தான், மாடல் விமான எஞ்சின்கள் வழக்கமாகச் சாகும். முழு வேகத்தில் ஊரையே எழுப்புகிற சனியன்கள் மெதுவாக ஓடச் சொன்னால் மட்டும் சாகும். ஆனால் இது சிறுதீயில் வைத்த குழம்பு மாதிரி ஒரே சீராகக் கொதித்துக்கொண்டிருந்தது. புகையில் விளக்கெண்ணெய் வாசம். இந்த எரிபொருளில் அதைத்தான் கலக்கிறார்கள், எஞ்சின் உள்ளே வழுவழுப்பாக இருக்க. சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய், குடலைக் கழுவுகிற எண்ணெய், உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும் என்பாள். வரவில்லையே. ஒரு வாரமாக உள்ளேயே கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவுக்கு அப்பால் மாடல் விமானக் கிளப் பறக்கவிடுகிற, வேலி போட்ட தரிசு நிலத்தில், இந்த எஞ்சின் பூட்டிய விமானம் சத்தமில்லாமல் இறங்கிவந்து டாக்டர் மருதாசலத்தின் வலது மணிக்கட்டை முறித்தது. பல் டாக்டர். வலது கை. ஐடில்ல நின்னுபோச்சு என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று, எல்லோரும் நம்பியாயிற்று. இன்றைக்கு டாக்டரே வருகிறார், கட்டுப்போட்ட கையோடு, அந்த ஐடில் கோளாறைக் கண்டுபிடித்துத் தர. "சும்மா வூட்டுல உக்காந்து கையைப் பாத்துட்டே இருக்கறதுக்கு, உங்க எஞ்சினையாச்சும் பாக்கறனுங் சபேசன்" என்று போனில் சிரித்தார். பார்ப்பதற்கு ஒரு கோளாறு வேண்டும். நின்று தொலையேன்.

கோளாறு இருந்தே ஆகவேண்டும் என்கிற நம்பிக்கையோடுதான் விடிந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தான். முதலில் ப்ளக். அதற்குள் ஒரு சுருள் கம்பி. ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி கொடுத்துச் சிவக்கவைத்தால் போதும், அப்புறம் எஞ்சினின் சூட்டிலேயே தானாகச் சிவந்து நிற்கும். ஓட்டம் ரொம்பக் குறைந்தால் கம்பி ஆறும். ஆறினால் தீ இல்லை. எஞ்சின் மெல்ல மெல்ல இளைத்து, சொல்லிக்கொள்ளாமல் அடங்கும். கம்பி சரியாக இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தான். புதுசு மாதிரி மினுங்கியது. டப்பா ரொம்ப மேலே இருக்கிறதோ, கீழே இருக்கிறதோ; செங்கலை எடுத்தான், வைத்தான். ஒன்றுமில்லை. அப்புறம் எரிபொருள் குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்கிற சோதனை, கிளப்பில் அவனே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது: ஐடிலில் ஓடும்போது குழாயை நசுக்கு, நிறைய வேகம் எடுத்துவிட்டுச் செத்தால் எரிபொருள் அதிகம், எடுக்காமலே பொட்டென்று செத்தால் எரிபொருள் போதவில்லை, அல்லது எங்கேயோ காற்று புகுகிறது. நசுக்கினான். சரியான எஞ்சின் எவ்வளவு கொஞ்சமாக வேகம் எடுக்கவேண்டுமோ அவ்வளவே எடுத்தது. விட்டான். திரும்பவும் சாந்தமானது. குழாயை நசுக்கிய விரல்களைப் பார்த்தான். மணிக்கட்டு என்ன சத்தம் போட்டது அன்றைக்கு? சத்தமே போடவில்லை. டாக்டர்தான் "அட" என்றார். சட்டையில் காபி கொட்டிவிட்டால் சொல்வது போல, "அட" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போது, அவர் எதுவும் கேட்காமலேயே, யாரும் எதுவும் கேட்காமலேயே, அவன் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது: "வேலி தாண்டறப்பத்தான் நின்னுச்சு டாக்டர், கத்தக்கூட நேரமில்ல." எழுவாய் பயனிலையோடு முழுசாக வந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த மாதிரி வந்தது. அதற்கு முந்தின கணம் வரை அப்படி ஒரு வாக்கியம் தனக்குள் இருப்பது அவனுக்கே தெரியாது. டாக்டர் வலியோடு தலையாட்டி, "அட உடுங்க, எஞ்சின்னா நிக்கத்தான் நிக்கும்" என்றார். பக்கத்தில் கிளப் செயலாளர் தண்டபாணி நின்றிருந்தார், பம்புசெட் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், கணக்காகப் பேசுகிறவர். "அப்படின்னா டாக்டர், நீங்கதான் பாக்காம எறங்கிட்டீங்க. சத்தத்தோட ஒரு ப்ளேன் எறங்க வருது, நீங்க அது எறங்கற ஸ்ட்ரிப்புக்கு நடுவால போய்க் குனியறீங்க" என்றார். டாக்டர் அதற்கும் தலையாட்டினார். சபேசன் சுவரில் ஒட்டியிருந்த எதையோ படித்துக்கொண்டிருந்தான். இரண்டு மொழியில் எழுதியிருந்தது. இரண்டையும் முழுக்கப் படித்தான், ஒரு வரி கூட இப்போது ஞாபகமில்லை.

வேலி தாண்டும்போது நிற்கவில்லை. வேலிக்கு எவ்வளவோ முன்னால், கிழக்கே தென்னந்தோப்புக்கு மேலே, நல்ல உயரத்தில், காற்றோடு போய்க்கொண்டிருக்கும்போதே நின்றது. நின்றது என்பது அந்த நொடியே தெரிந்தது. சத்தம் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது போலத் தெரிந்தது. கிளப்பில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய எஞ்சின் ஆகாயத்தில் நின்றாலும் அவன் தொண்டை கிழியக் கத்தவேண்டும், "செத்துருச்சு!" என்று. கத்தினால் ஸ்ட்ரிப்பில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஓடி விலகுவார்கள், ஏனென்றால் செத்த விமானம் சத்தமில்லாமல் வரும், திரும்ப மேலே போகமுடியாது, வருகிற வழியிலேயே இறங்கித்தான் தீரும். கத்தியவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். அதற்குக் காரிய டீ என்று பெயர். டீ குடிக்கும்போது ஆளாளுக்குத் துக்கம் விசாரிப்பார்கள். "எப்பிடிங் போச்சு, நல்லாத்தான இருந்துச்சு?" "படுத்த படுக்கைங்களா, இல்ல பட்டுனு போயிருச்சா?" "சம்சாரத்துக்குச் சொல்லியாச்சுங்களா?" வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். எல்லோரும் வாங்கித் தந்திருக்கிறார்கள், தண்டபாணி அனேகமாக ஒவ்வொரு வாரமும். சபேசன் ஒரு தடவை கூட இல்லை. கனடாக்காரர் எஞ்சின் சாகாது என்று ஒரு பேச்சு இருந்தது. முதலில் கிண்டலாகத்தான் சொன்னார்கள், அப்புறம் நிஜமாகவே சொன்னார்கள், அதற்கப்புறம் அவனும் அதை நம்பிவிட்டான். கனடாவிலிருந்து ஊர் திரும்பி இரண்டு வருஷத்தில் வேறு எதிலும் அவன் பேர் எடுக்கவில்லை. பேசினால் பாதி ஊர் அவனை வெளியூர்க்காரன் என்றது. தம்பி மகன் முகத்துக்கு நேரே, பெரியப்பா தமிழ் டப்பிங் படம் மாதிரி இருக்கு என்றான். ஆனால் அந்தத் தரிசில், வெயிலில், ஒவ்வொருவராக எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தார்கள். இதைக் கொஞ்சம் பாருங்க, ஐடில் நிக்க மாட்டேங்குது. அவன் காதைச் சாய்த்துக் கேட்பான். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற ஊசியைக் கால் சுற்று திருப்புவான். சரியாகும். டாக்டர்தான் அதிகமாக வியப்பார். அன்றைக்குக் காலையில் கூட, "ப்ரொப்பெல்லர் றெக்கையை எண்ணிப்புடலாம் போல இருக்குதுங், என்ன ஐடில் இது!" என்றார். அந்தப் பாராட்டுக்குத்தான் இன்னும் கொஞ்சம் குறைத்தான். இன்னும் கொஞ்சம். விமானத்தைக் கையிலிருந்து ஓட்டுகிற ரேடியோவில், ஐடிலைக் கூட்டிக் குறைக்கிற சின்ன ட்ரிம்மைக் கடைசி வரை கீழே தள்ளினான். அந்த அளவு குறைத்தால் எந்த எஞ்சினும் ஆகாயத்தில் ஆறிச் சாகும், அது எஞ்சினின் கோளாறு இல்லை, கையின் கோளாறு. தெரியும். தெரிந்துதான் தள்ளினான். ஒரே ஒரு தடவை பார்க்கலாம், அவ்வளவுதானே, என்று தள்ளினான்.

அப்புறம் அந்த மௌனம். விமானம் தென்னந்தோப்புக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது, கழுகு மாதிரி அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. வாயைத் திறந்தான். திறந்தானா? திறந்ததாகத்தான் இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தான், ஆனால் இப்போது, எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிற இந்த வெளிச்சத்தில், திறக்கவில்லை என்று தெரிந்தது. மூடிக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, எல்லாம் கணக்குப்படி நடக்கிறது என்பது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டான். அந்த முகம் பழைய முகம். தமிழ் மீடியத்தில் முதல் ராங்க் வாங்கிக்கொண்டிருந்தவனை ஒன்பதாம் வகுப்பில் கான்வென்ட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கண்டுபிடித்த முகம். டீச்சர் கேட்பது புரியாது. புரியவில்லை என்று சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதனால் தெரியும், சொல்லத்தான் விருப்பமில்லை என்பது போல ஜன்னலைப் பார்த்தபடி ஒரு முகம். டீச்சர் அடுத்த பையனிடம் போய்விடுவாள். அந்த முகத்தை வைத்தே இன்ஜினியரிங் படித்தான், அந்த முகத்தை வைத்தே கனடாவில் மீட்டிங் மீட்டிங்காக உட்கார்ந்தான். அமைதியான ஆள், ஆழமான ஆள் என்று பெயர் வந்தது, சம்பளம் ஏறியது. பயந்தவன் என்று யாருக்கும் தெரியவில்லை. மனைவி சுகந்திக்குத் தெரியுமோ என்னவோ, இத்தனை வருஷமாக அவளும் ஒரு முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. ஆகாயத்தில் விமானம் திரும்பியது. சத்தமில்லாமலே கொண்டுவந்து இறக்கிவிடலாம், இறக்கிவிட்டால் ஐடிலில் இறங்கியதாகத்தான் நினைப்பார்கள், ப்ரொப்பெல்லர் நிற்பதைத் தரையில் வந்தபிறகு பார்த்தால் இறங்கியதும் அணைத்தேன் என்று சொல்லிவிடலாம், காரிய டீ வேண்டாம், எப்படிங் போச்சு வேண்டாம், சம்சாரத்துக்குச் சொல்லியாச்சுங்களா வேண்டாம். ஒரு டீக்காக. ஒரு டீ கூட இல்லை, நாலு பேர் சிரிப்பதற்காக. ஸ்ட்ரிப்பின் மறுகோடியில் டாக்டர் தன் விமானத்தை எடுக்க நடந்து போனதைக் கண்ணின் ஓரத்தில் பார்த்தான். பார்த்தானா? பார்த்தான். போய்விடுவார், அதற்குள் போய்விடுவார் என்று நினைத்தான். அவர் நின்றார். தலையை நிமிர்த்தி இவன் பக்கம் பார்த்தார். அப்போதும் கத்தியிருக்கலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கூடப் போதும். அவர் குனிந்தார்.

"ஏங்க, ஊரே புகையா இருக்கு, எதுத்த வீட்டு அம்மா கேக்கறாங்க" என்று சுகந்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "டாக்டர் சாப்பிட்டுட்டு வர்றாரா, இல்ல இங்க தோசை ஊத்தட்டுமா?" தெரியலை என்றான். "என்னதான் கோளாறுனு கண்டுபிடிச்சீங்களா இல்லையா?" அதற்கும் ஏதோ சொன்னான். குழாயை நசுக்கி எஞ்சினை அணைத்தான். அணைத்ததும் காதுக்குள் ஒரு கொய்ங். டாக்டர் வருவார், ஸ்டார்ட் பண்ணுங்க என்பார், இது ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், நசுக்கிப் பார்ப்பார், ப்ளக்கைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். ஸ்பானர் டப்பாவுக்குள் கை போனது. ஆலன் சாவி. எஞ்சினின் பின்புற மூடியில் நாலு ஸ்க்ரூ. இதையும் கை பாட்டுக்குச் செய்கிறது, நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. அது பொய் என்று இன்னொரு நினைப்பும் கூடவே ஓடியது. ஒவ்வொன்றையும் அரைச் சுற்று தளர்த்தினான். அவ்வளவுதான். இப்போது மூடியின் இடுக்கு வழியாகக் காற்று புகும், எரிபொருள் போதாது, ஐடில் நிற்காது. பேட்டரி கிளிப்பை மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். கத்தியது. த்ரோட்டிலைக் குறைத்தும் குறையாமல் ஏறி இறங்கி, கீச்சென்று ஒரு கூச்சல் போட்டு, பொட்டென்று செத்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாதான். பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தபோதும் ஸ்க்ரூவைத் திருகியது அவ்வளவாக உறைக்கவில்லை. அந்த அப்பாடா உறைத்தது, காதுமடல் எரிந்தது. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான், முழுசாக, அண்ணாந்து.

டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைக் கட்டு முழங்கை வரை, அதைத் தாங்க ஒரு நீலத் துணித் தூளி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சு. இடது கையில் ஒரு பை. "அம்மிணி, எங்கூட்டுல முறுக்கு சுட்டாங்க, இந்தாங்க. பல்லுக்கு நல்லதில்லைனு நானே சொல்லுவேன், ஆனா சாப்புடுங்க, கிளினிக் தொறந்ததும் வாங்க" என்று சுகந்தியிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே மேசைக்கு வந்துவிட்டார். "எங்க, நோயாளி எங்க? வாயைத் தொறக்கச் சொல்லுங்க." சபேசன் சிரித்தான். சிரிப்பு வந்தது என்பதே ஆச்சரியமாக இருந்தது. கை எப்படி இருக்கு டாக்டர் என்றான். "அரிக்குதுங். உள்ள ஒரு எறும்பு குடித்தனம் பண்ணுது. வலி பரவால்ல." ஒரு நாற்காலியை இழுத்து எஞ்சினுக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். ஸ்டார்ட் பண்ணினான். கத்தியது, ஏறி இறங்கியது, செத்தது. "ஓஹோ" என்றார். இன்னொரு தடவை. இடது கையால் குழாயை நசுக்கினார், வேகம் எடுக்காமலே நின்றது. "காத்து இழுக்குதுங் சபேசன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான." முகம் மலர்ந்துவிட்டது. விளக்கெண்ணெயைத் தீக்குச்சியில் தொட்டு, எஞ்சினின் ஒவ்வொரு இணைப்பாக, பல்லுக்கு மருந்து வைப்பது போலத் துளித் துளியாக வைத்தார். இடது கை பழக்கமில்லாமல் நடுங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அடக்கினார். சபேசன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கொடுத்தான். பின்மூடியின் இடுக்கில் எண்ணெய் குமிழ் விட்டது. "பாத்தீங்ளா! பாத்தீங்ளா!" குழந்தை மாதிரி கூவினார். "நாலு ஸ்க்ரூவும் லூசு. இதுதாங் விஷயம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல, யாரு மேலயும் இல்ல." அவரே சாவியை வாங்கி இறுக்க முயன்றார், வழுக்கியது, கொடுத்துவிட்டார். சபேசன் இறுக்கினான். தான் தளர்த்திய அதே அரைச் சுற்று. ஒன்று, அப்புறம் எதிர்மூலை, அப்புறம். சொல்லிவிடு என்று ஒரு குரல், இவ்வளவு சந்தோஷப்படுகிறவரிடம் எதற்கு என்று இன்னொரு குரல், இரண்டும் அவன் குரல்தான். ஓடவிட்டார்கள். காலையில் ஓடிய மாதிரியே, குழம்பு கொதிக்கிற மாதிரி, ஓடியது.

டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல எங்கோ போனது. "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினான். "ஸ்க்ரூ லூசா இருந்தா எஞ்சின் கத்திட்டுத்தான சாகுது? இப்ப கத்துச்சே, அப்படி?" ஆமா என்றான் சபேசன். "ம்." கட்டுப்போட்ட கையை மறு கையால் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "அப்ப என் காது போச்சுங் சபேசன். நெசமாவே போச்சு." சபேசனுக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் புரியாத முகத்தை வைத்துக்கொண்டான். "இல்லீங், நான் யாருகிட்டயும் சொல்லல. எங்கூட்டுலகூடச் சொல்லல. அன்னிக்கு நான் நடந்து போறப்ப, உங்க ப்ளேன் தென்னந்தோப்புக்கு மேல இருக்கறப்பவே சத்தம் அடங்குன மாதிரி இருந்துச்சு. கத்தல, ஒண்ணும் பண்ணல, தூங்கற மாதிரி அடங்குச்சு. நான் நின்னு உங்களைப் பாத்தனுங். நீங்க சும்மா நின்னுட்டிருந்தீங்க. நின்னுருந்தா சபேசன் கத்தியிருப்பாரே, கத்தாம இருப்பாரா மனுசன்னு குனிஞ்சுட்டேன். அப்பறம் பாத்தா வேலிகிட்டத்தான் நின்னுச்சுங்கறீங்க. தண்டபாணியும் சத்தத்தோட வந்துச்சுங்கறாரு. இப்ப எஞ்சினும் கத்திட்டுச் சாகுது. அப்ப எனக்கு மட்டும் எப்படிங் கேக்காமப் போகும்?" சிரிக்கப் பார்த்தார். "எங்க அண்ணனுக்கு என் வயசுலதான் காது போச்சு. முதல்ல அவரும் நம்பல. டிவி மேல கோவிச்சுட்டிருந்தாரு. பல்லைக் கொடையறப்ப எவ்வளவு ஆழம் போச்சுனு நான் கண்ணுல பாக்கறதில்லீங், ட்ரில்லு சத்தத்துலதான் பாக்கறேன். சத்தம் மாறுச்சுன்னா நரம்புகிட்ட வந்துட்டோம்னு அர்த்தம். அது தெரியாதவன் கையில யாரு வாயைத் தொறந்து காட்டுவா? ஒரு வாரமாத் தூக்கம் இல்லீங். கட்டுப் பிரிச்சாலும் கிளினிக்கைத் தொறக்கறதானு யோசனையா இருக்குது. அதான் இந்த எஞ்சினைக் கேட்டுப்புட்டுப் போலாம்னு வந்தேன். இது தூங்கற மாதிரி சாகற எஞ்சினா, கத்திட்டுச் சாகற எஞ்சினானு."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார்கள், அது பிடிக்கவில்லை, திரும்ப உதைத்தார்கள். சபேசன் அதைக் கேட்டான். கேட்கவே கூடாது, இப்போது எதையும் கேட்டு ஒளிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தான். ஜன்னல் இல்லை, டீச்சர் அடுத்த பையனிடம் போகமாட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்த மாதிரி முழு வாக்கியம் ஒன்று வரும் என்று தொண்டை காத்திருந்தது, எழுவாய் பயனிலையோடு, இன்னொரு நல்ல வாக்கியம்: காதுல எல்லாம் ஒண்ணும் இருக்காது டாக்டர், அதிர்ச்சியில அப்படித் தோணும், நல்ல ஈஎன்டி ஒருத்தர் எனக்குத் தெரியும். அது வந்தே விட்டது, நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதன் ருசி தெரிந்தது. டாக்டர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தொழில் பழக்கம், பேசுகிறவன் வாயைத்தான் அவர் எப்போதும் பார்ப்பார். "உங்க காது நல்லாத்தான் இருக்கு" என்றான். குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல வந்தது. "தோப்புக்கு மேலதான் நின்னுச்சு." டாக்டர் நாற்காலியை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தினார். "தூங்கற மாதிரிதான் நின்னுச்சு. நான் ஐடிலை ரொம்பக் குறைச்சு வெச்சிருந்தேன். நின்னது எனக்குத் தெரியும்." இன்னும் இருந்தது. அதுவும் வரவேண்டும். "நீங்க பாத்தப்பவும் தெரியும். கத்தல." வேறு ஒன்றும் சொல்வதற்கு இல்லை என்று நினைத்து நின்றபோது டாக்டரின் கண் எஞ்சினின் பின்மூடிக்குப் போனது. கொஞ்சம் முன்னால் லூசாக இருந்த நாலு ஸ்க்ரூ. "அப்ப இது?" என்றார். "காலையில. நீங்க வர்றதுக்கு முன்னால." டாக்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு எக்ஸ்ரேயைப் பார்ப்பது போலப் பார்த்தார் அவனை, எங்கே என்று தெரிந்துவிட்ட பிறகு பார்ப்பது போல. பிறகு, அதுதான் சபேசனைத் துண்டாக்கியது, அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு வாரத்துத் தூக்கம் ஒரே நொடியில் வந்து கண்ணில் உட்கார்ந்தது. அந்த நிம்மதி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பயத்தோடுதான் இந்த ஒரு வாரத்தை அவர் கழித்திருக்கிறார், இந்த ஒரு வாரமும் அந்த நிம்மதியை இவன் கையில் வைத்துக்கொண்டிருந்தான், கொடுக்காமல்.

"கெளம்பறனுங்" என்று டாக்டர் எழுந்தார். எழும்போது நாற்காலி தூளியை இழுத்து, கழுத்துக்குப் பின்னால் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கட்டுப்போட்ட கை தொப்பென்று தொங்கியது. "ஸ்ஸ்" என்றார். இடது கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் துணியின் ஒரு நுனியைப் பிடித்தார். ஒற்றைக் கையால் முடிச்சுப் போடமுடியாது. நுனி நழுவியது, திரும்பவும் பிடித்தார். சபேசன் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தான்; எண்ணெய் போகவில்லை, திரும்பத் துடைத்தான். "இருங்க டாக்டர், நான்..." டாக்டர் கேட்டார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவனைத் தாண்டி, திறந்திருந்த வாசலைப் பார்த்து, வழக்கமான குரலிலேயே, "அம்மிணி, ஒரு நிமிசம் இங்க வாங்க. இந்த முடிச்சைக் கொஞ்சம் போட்டு உடுங்க" என்றார். சுகந்தி கரண்டியோடு வந்தாள், கரண்டியை மேசையில் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் போய்த் துணியின் இரண்டு நுனியையும் எடுத்தாள். நீட்டிய கையோடு நின்றிருந்த புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "என்னங்க, எஞ்சின்ல என்ன கோளாறாம்? கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றாள். டாக்டர் தெருவைப் பார்த்துக்கொண்டே, "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லீங் அம்மிணி" என்றார்.